பழைய ஹெட்ஃபோனா, புதுசா? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, மாமா பல வருஷம் பயன்படுத்திய சென்ஹைசர் எச்டி 600 என் கைக்கு வந்திருக்கிறது. நண்பனின் புது எச்டி 600-ஐக் கேட்டுவிட்டு இதைப் போட்டால் வேறு ஹெட்ஃபோன் மாதிரி இருக்கிறது. டிரைவர் (உள்ளே சத்தம் எழுப்பும் பாகம்) போய்விட்டதா?

பதில்: டிரைவரைச் சந்தேகப்படும் முன் காதில் படும் மெத்தையான பேடைப் பாருங்கள் தம்பி. புது பேடை விரலால் அமுக்கிவிட்டால் உடனே எழும்பும். பழையது அப்பளம் போலத் தட்டையாகிக் கிடக்கும். அப்போது டிரைவர் காதுக்கு நெருங்கிவிடும், சத்தத்தின் குணமும் மாறிவிடும். பேடைக் கழற்றினால் உள்ளே மெல்லிய கறுப்பு ஸ்பாஞ்ச் இருக்கும். தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தால் அதையும் மாற்றுங்கள். ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்டால் கேபிள் முனையின் இரண்டு பின்னையும் துடைத்துச் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் கோளாறு.

1997-ல் வந்த மாடல் இது. பேட், கேபிள், தலைப்பட்டையின் மெத்தை எல்லாமே தனித்தனியாகக் கழன்று வரும். அதே பேட் 2003-ல் வந்த எச்டி 650-க்கும் பொருந்தும். இப்படிச் செய்த பொருளைத்தான் நான் நல்ல தயாரிப்பு என்பேன். மாமாவுடையதை விட்டுவிடாதீர்கள். புது பேட் போட்டபின் நண்பனுடையதோடு மறுபடி ஒப்பிடுங்கள்.

கேள்வி: சார், என்னிடம் பழைய பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, 250 ஓம். 2024-ல் வந்த டிடி 770 ப்ரோ எக்ஸைப் போனில் போட்டுக் கேட்டேன், சத்தம் அவ்வளவு தெளிவாக இருந்தது. மாற்றிவிடலாமா?

பதில்: புதியது 48 ஓம், அதாவது அதன் மின்தடை குறைவு. போனின் வால்யூமை ஒரே இடத்தில் வைத்தால் அது கூடுதல் சத்தமாகத்தான் கேட்கும். சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதை 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். ஒரே பாட்டில் முப்பது விநாடியை எடுத்து, பாடுபவர் குரல் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும்வரை வால்யூமைச் சரிசெய்துவிட்டு ஒப்பிடுங்கள். பழையதற்கு ஒரு சின்ன ஆம்ப் (சத்தத்தைக் கூட்டும் கருவி) கொடுத்துப் பார்ப்பதும் நியாயம். தயாரிப்பில் மட்டும் புதியதற்கே என் ஓட்டு: கேபிள் கழன்று வருகிறது. பழையதில் வயர் உள்ளே அறுந்துவிட்டால் சால்டரிங் வேலைதான்.

கேள்வி: சோனி எம்டிஆர்-7506. காதெல்லாம் கறுப்புத் தோல் ஒட்டுகிறது!

பதில்: 1991-லிருந்து வரும் மாடல். நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் அந்த ரெக்ஸின் உரியத்தான் செய்யும். பேட் மாற்றினால் போதும். ஆனால் தடிமனான வெல்வெட் பேட் வேண்டாம், பேஸ் (கீழ்ச்சுருதிச் சத்தம்) குறைந்துவிடும்.

கேள்வி: வெளிச்சத்தத்தைக் குறைக்கும் நாய்ஸ் கேன்சலிங் ப்ளூடூத் ஹெட்ஃபோனில் பழையதை வாங்கலாமா சார்? செகண்ட் ஹேண்டில் சோனி எக்ஸ்எம்4 (டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4) கிடைக்கிறது.

பதில்: இதில் பழசு என்றால் பேட்டரியும் பழசு. எக்ஸ்எம்4 2020 மாடல், மடித்துச் சின்ன உறையில் வைக்கலாம். 2022-ன் எக்ஸ்எம்5-ல் மடிப்பை எடுத்தார்கள், 2025-ன் எக்ஸ்எம்6-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். பேட்டரி தீர்ந்தாலும் வயர் போட்டுக் கேட்கலாம், ஆனால் உள்ளே சத்தத்தைத் திருத்தும் சிப் வேலை செய்யாததால் மங்கலாக இருக்கும். விற்பவரிடம் முழு சார்ஜ் போடச் சொல்லி, நாய்ஸ் கேன்சலிங்கை ஆன் செய்து ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். சதவீதம் மளமளவென்று இறங்கினால் வாங்காதீர்கள்.