அப்பாவுக்கு மறதியா, காது மந்தமா?

அம்மிணி, பேர் மறக்கிறது, காலை நாலு மணிக்கே முழித்துக்கொள்கிறார், மூட்டு பிடித்துக்கொள்கிறது என்றெல்லாம் எழுதி, அப்பாவுக்கு மறதி நோயோ என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போன வாரம் அவல்பூந்துறை ஏலத்தில் கொப்பரை என்ன விலைக்குப் போனது என்று ஒரு ரூபாய் பிசகாமல் சொன்னார் என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். 74 வயதில் ஒருத்தர் பேர் உடனே வராமல் அரை மணி நேரம் கழித்து வருவது வயசுக்கு உண்டானது. காலை நாலு மணிக்கே முழிப்புத் தட்டுவதும் அப்படித்தான், அதை விடுங்கள். யூடியூப் பார்த்து வாங்கிக் கொடுக்கிற அந்த ஞாபகசக்தி மாத்திரையை இன்றைக்கே நிறுத்துங்கள், காசுக்குத்தான் கேடு.

கடிதத்தில் என்னை உலுக்கியது கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரி. முப்பது வருஷமாகக் காலையும் மாலையும் போன டீக்கடைக்கு நாலு மாதமாகப் போவதில்லை, கேட்டால் "அங்க போயி என்னத்தப் பண்றது" என்கிறார். கவனிக்க வேண்டியது இதுதான். தினமும் செய்த ஒன்றை ஒரு பெரியவர் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், 'வயசாயிடுச்சு' என்பது காரணமே இல்லை.

உங்கள் பெண் "அப்புச்சி, தண்ணி வேணுங்களா?" என்று கேட்டதற்கு, "கன்னுக்குத் தீவனம் போட்டாச்சு கண்ணு" என்றாராம். நீங்கள் மூளை குழம்பிவிட்டது என்று பயந்துவிட்டீர்கள், எனக்கு அவர் தண்ணியைக் கன்னு என்று கேட்டதாகத்தான் படுகிறது. வயதில் காது மந்தமாகும்போது முதலில் போவது கீச்சு ஓசைகள். சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. குழந்தைகள் குரலும், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற இடமும்தான் ரொம்பச் சிரமம். டீக்கடையில் ஒன்றுக்கு ஒன்று பதில் சொல்லி நாலு பேர் சிரித்திருந்தால், மானஸ்தர், அப்புறம் எப்படிப் போவார்? தோட்டத்து வீட்டில் அக்கம்பக்கமும் கிடையாது. டீக்கடைக்குப் போக வர ரெண்டு கிலோமீட்டர், ஒரு வேளைக்கே. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிற வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி அந்த நடையிலேயே முடிந்துகொண்டிருந்தது, இப்போது அதுவும் நின்றுபோனது. மூட்டு பிடித்துக்கொள்வதில் அதற்கும் பங்கு உண்டு.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். கவனிக்காமல் விட்ட காது மந்தமும், ஆள் பழக்கம் இல்லாமல் ஒடுங்கிப்போவதும் பின்னாளில் மறதி நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறவை என்று 2020இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் பட்டியலிட்டிருக்கிறது. நீங்கள் பயப்படுகிற நோய்க்கு இப்போதே ஒரு வழியை அடைக்கலாம்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரியிலேயே பார்க்கலாம். சில சமயம் வெறும் அழுக்கு அடைத்திருக்கும், எடுத்துவிட்டால் சரியாகிவிடும். எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். காது மெஷினும் ஆடியோகிராம் என்கிற கேட்கும் திறன் சோதனை எடுத்த பிறகுதான், ஆன்லைனில் பார்த்து வாங்கக் கூடாது. காது நன்றாகவே இருக்கிறது, ஆனாலும் முகம் வாடியே இருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் வைத்தியம் உண்டு. "இருந்து என்ன ஆகப்போகுது" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள், அரசின் மனநல உதவி எண் 14416க்கும் அழைக்கலாம்.

மெஷின் போட்டால் பழக சில வாரம் ஆகும், இரைச்சலாக இருக்கிறது என்று கழற்றி அலமாரியில் வைக்கப் பார்ப்பார். அந்த நாட்களில் டீக்கடைக்கு நேராக அனுப்பாதீர்கள். பழைய கூட்டாளி ஒருத்தரைத் தோட்டத்துக்கு வரச்சொல்லி, ரெண்டு பேரையும் கட்டுத்தறிப் பக்கம் உட்காரவைத்து, டீ போட்டுக் கொடுங்கள்.