அண்டர் 13 செவன்ஸ் டோர்னமெண்ட்ல வயசு ரூலும், எல்லா பிள்ளையளும் ஆடற மாதிரி டைம் ரூலும் எப்படி வைக்கலாம்?

டிசம்பர்ல ஊர்ல அண்டர் 13 செவன்ஸ், அதாவது டீமுக்கு ஏழு பேர் ஆடற ஃபுட்பால், நடத்தப் போறோம், வயசு எப்படி செக் பண்றது, டீம் லிஸ்ட்ல உள்ள எல்லாரையும் ஆட விடணும்னு ரூல் போட்டா செல்லுமான்னு கேட்டிருக்கீங்க. செல்லும். நான் குமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்துல ஒரு கடற்கரை ஊர்ல சின்னப் பயலுவளுக்கு பந்து சொல்லிக் குடுக்கேன், எனக்க அக்கா மகன் கனடால ஐஸ் ஹாக்கி ஆடறான், இந்த ரெண்டையும் வச்சுதான் எழுதறேன்.

வயசுக்கு கனடாக்காரங்க கணக்க அப்படியே எடுத்துக்கிடுங்க. அங்க ஐஸ் ஹாக்கிய நடத்துற ஹாக்கி கனடாங்கிற அமைப்புக்க ரூல்படி சீசன் தொடங்குற வருஷம் டிசம்பர் 31 அன்னைக்கு பையனுக்கு எத்தன வயசோ அதுதான் வயசு, அண்டர் 13ன்னா 11, 12 வயசு, அதாவது 2025-26 சீசனுக்கு 2013லயும் 2014லயும் பொறந்தவங்க. மாசத்த வச்சு பேரம் பேச வழியே கிடையாது. சின்னவன் பெரிய குரூப்ல ஆடலாம், பெரியவன் கீழ இறங்க விடவே கூடாது. ஆதார் மட்டும் வாங்கிட்டு விடாதீங்க, பிறப்பு சான்றிதழ் ஒரிஜினல் பாருங்க, அதுல பிறந்த தேதிக்கு கீழ பதிவு செஞ்ச தேதியும் இருக்கும், அதையும் பாக்கணும். 21 நாளைக்குள்ள பதிய வேண்டியது, ஒரு வருஷம் தாண்டிட்டா அதிகாரிகிட்ட ஆர்டர் வாங்கித்தான் பதிய முடியும், அப்படி ரொம்ப லேட்டா பதிஞ்சிருந்தா உடனே தப்புன்னு சொல்லிராம ஸ்கூல் ரெக்கார்டையும் சேத்து கேளுங்க. ஃபிஃபா 2009ல இருந்து அண்டர் 17 உலகக்கோப்பைக்கு மணிக்கட்ட எம்ஆர்ஐ எடுத்து பாக்குது, நமக்கு அதெல்லாம் வேண்டாம். லிஸ்ட்ட ஒரு வாரம் முன்னாடியே வாங்கி எல்லா டீம் வாட்ஸப்புலயும் போட்டுருங்க, ஆட்சேபணை இருந்தா முதல் மேட்ச் விசிலுக்கு முன்னாடி சொல்லணும், அதுக்கப்புறம் ஆள் மாறாட்டம் தவிர எதையும் எடுக்க மாட்டோம்னு எழுதி வைங்க. வயசு கூடுனவன இறக்குனா 3-0 தோல்வி, ஃபிஃபா ரூல்லயும் அதே கணக்குதான்.

இனி டைம். எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு டோர்னமெண்ட்ல ஒரு பையனுக்க அப்பா ஆழ்கடல் தொழிலுக்கு போயி ஒரு மாசத்துக்கு மேல கழிச்சு கரைக்கு வந்தவரு, மகன் ஆடறத பாக்க காலைலயே வந்து கயித்துக்கு பக்கத்துல நின்னாரு, மூணு மேட்ச் முடிஞ்சும் பையன ஒரு நிமிஷம் இறக்கல, ஜெர்சி நனையாமலே அப்பா கூட பைக்ல ஏறி போனான். அந்த டீமுக்கு கோச் நான்தான். செமி வரைக்கும் போனோம், அவன் அதுக்கப்புறம் பிராக்டிசுக்கு வரவே இல்ல. வீட்டுக்கு போயி கூப்பிட்டும் வரல.

அக்கா மகன் எட்டு வயசுல ஆடினப்ப வீடியோ கால்ல பாத்திருக்கேன், அண்டர் 9க்கு பாதி ஐஸ்லதான் ஆட்டம், 60 இல்லன்னா 90 செகண்டுக்கு ஒருக்க பஸ்ஸர் அடிக்கும், அடிச்ச உடனே உள்ள இருக்கவன் வெளிய, வெளிய இருக்கவன் உள்ள, கோச் ஆள் பாத்து இறக்க முடியாது. நம்ம செவன்ஸுக்கு இத இப்படி மாத்தலாம். 20-20 நிமிஷம் ஆட்டம்னா அத பத்து பத்து நிமிஷமா நாலு துண்டு போடுங்க. கோலி போக ஆறு எடம், நாலு துண்டுக்கு 24 எடம், 12 பேருக்கு ஆளுக்கு ரெண்டு துண்டு, அதாவது 20 நிமிஷம் கரெக்டா வரும். அதனால லிஸ்ட்ல கோலியோட சேத்து 13 பேருக்கு மேல வாங்காதீங்க, 15 பேர் வாங்கிட்டு எல்லாருக்கும் 20 நிமிஷம்னா கணக்கு ஒதுங்காது. வெளிய போனவன் திரும்ப வரலாமான்னு யாராவது சண்டைக்கு வந்தா, சின்னப் பிள்ளையளுக்கு அப்படி மாத்திக்கிடலாம்னு ஃபுட்பால் சட்டப் புத்தகத்துலயே இடம் இருக்கு, ஆட்ட நேரத்த குறைக்கவும் கிரவுண்ட சின்னதாக்கவும் கூட.

நல்லா ஆடறவன வெளிய வச்சா டீம் தோக்கும், இரவிபுத்தன்துறைல இருந்து ஃபுட்பால் பிளேயர் சூசைராஜ் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) வரைக்கும் போனது எப்படின்னு கேப்பாங்க. 12 வயசுல நல்லா ஆடறவன்ல நிறைய பேரு வருஷ ஆரம்பத்துல பொறந்து உயரமா வளந்தவனா இருப்பான், அதே வருஷம் டிசம்பர்ல பொறந்தவன் ஜனவரிக்காரன விட கிட்டத்தட்ட ஒரு வயசு சின்னவன். கனடால ரோஜர் பார்ன்ஸ்லின்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1985லயே ஹாக்கி பிளேயருங்க பிறந்த மாசத்த எடுத்துப் பாத்து, வருஷ ஆரம்பத்துல பொறந்தவங்கதான் மேல மேல செலக்ட் ஆகறாங்கன்னு காட்டினாரு. இப்ப சின்னதா இருக்கான்னு உக்கார வச்சா, வளந்த பிறகு அவன் பந்த தொடவே மாட்டான்.

அடிபட்டவன், வராதவன், இவங்களுக்கு விலக்கு உண்டு. பிராக்டிஸ் வராதவன குறைக்கணும்னா மேட்சுக்கு முன்னாடியே ஸ்கோர் டேபிள்ல எழுதிக் குடுத்துரணும், நடுவுல கோச் இஷ்டத்துக்கு சொல்லக் கூடாது. யாரு எந்த துண்டுல ஆடினான்னு டேபிள்ல ஒருத்தர் டிக் போடட்டும், ரூல மீறினா அந்த மேட்ச் பாயிண்ட் கிடையாது. பஸ்ஸர் வேண்டாம், மைக்ல கமெண்ட்ரி சொல்ற அண்ணன்கிட்ட பத்து நிமிஷத்துக்கு ஒருக்க "மாத்துங்க"ன்னு சொல்லச் சொன்னா போதும். போன வருஷம் இப்படித்தான் நடத்தினோம், எட்டு டீம் வந்துது, ஒரு பையன் கூட ஆடாம போகல.