முந்திரி இல்லாமல் கிறிஸ்துமஸ் பிஸ்கட்

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஆறு வயது மகனுக்கு முந்திரி அலர்ஜி என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு நெய் பிஸ்கட்டும் பிறை வடிவ பாதாம் குக்கீயும் செய்வது எங்கள் வழக்கம். இந்த வருடம் எந்தப் பருப்பும் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ருசி வருமா?"

தாராளமாக வரும். ஆனால் பருப்புப் பொடியை எடுத்துவிட்டு அந்த அளவுக்கு மைதாவைக் கூட்டாதீர்கள், பிஸ்கட் கல்லாகிவிடும். பாதாம் பொடியில் ஏறக்குறைய பாதி கொழுப்பு, மாவை இழுத்துப் பிடிக்கிற கோதுமைப் புரதமான குளூட்டன் அறவே கிடையாது. வாயில் போட்டதும் உதிர்வது அதனால்தான்.

நான் பரிந்துரைப்பது பொரிகடலை மாவு. மைதா 200 கிராம், வெண்ணெய் 150, பொடித்த சர்க்கரை 60, இவற்றோடு 80 கிராம் பாதாம் பொடி போடுகிற இடத்தில் 60 கிராம் பொரிகடலை மாவும் இரண்டு டீஸ்பூன் வெண்ணெயும் சேருங்கள். மாவை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, பிறையாக உருட்டி, 170 டிகிரியில் ஓரம் லேசாகச் சிவக்கும்வரை சுடுங்கள். நெய் பிஸ்கட்டுக்கு வறுத்த தேங்காய்ப்பூ இன்னும் பொருத்தம். வீட்டுக் கறியில் தேங்காய் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை என்றால் பயமில்லை. சூரியகாந்தி விதைப் பொடியும் நல்லதுதான், ஆனால் சோடா உப்போடு சேர்ந்தால் ஆறியபிறகு பிஸ்கட் உள்ளே பச்சை நிறமாகிவிடும். கெட்டுப்போனதல்ல, விதையிலுள்ள குளோரோஜெனிக் அமிலத்தின் வேலை. சோடாவைக் குறைத்துச் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் அடங்கும்.

முந்திரிக்குப் பதில் பிஸ்தா மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டும் ஒரே குடும்பம், முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்களில் பெரும்பாலானோருக்கு பிஸ்தாவும் ஆகாது.

செய்முறையைவிட எனக்குக் கவலை மிக்ஸி ஜார்தான். மூடியின் ரப்பர் வாஷரைக் கழற்றிப் பாருங்கள், போன மாதம் அரைத்த அண்டிப்பருப்பு (முந்திரிதான்) அங்கே மாவாக ஒட்டியிருக்கும். ஓவன் சூட்டில் அலர்ஜி போய்விடும் என்பதும் தப்பு. இதற்கென்று தனி ஜார் வைத்துக்கொள்வது நல்லது. பொரிகடலையையும் விதையையும் சாக்கிலிருந்து அள்ளித் தருகிற கடையில் வாங்காதீர்கள், எல்லாவற்றுக்கும் ஒரே கரண்டிதான் போடுவார்கள். பாக்கெட்டில் வாங்கி லேபிளைப் படியுங்கள்.

அச்சப்பத்தில் (அச்சு முறுக்கில்) பருப்பே கிடையாது, பையன் சாப்பிடலாம். பொரிக்கிற எண்ணெய் மட்டும் முந்திரி வறுத்த எண்ணெயாக இருக்கக்கூடாது. பக்கத்து வீட்டுத் தட்டில் வருவதற்கு இந்த உத்தரவாதமெல்லாம் கிடையாது, அதைப் பெரியவர்களே காலி பண்ணிவிடுங்கள்.