முதல் பயணமே டாக்வாமெனன் வேண்டாம், தம்பி

மிச்சிகனில் டெட்ராய்ட் பக்கத்து நோவைக்கு வந்து 2 வருடம் ஆகிறது, போன மாதம் வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போய் உள்ளேயே சமைத்துத் தங்கும் 24 அடி கேம்பிங் ட்ரெய்லர் வாங்கியாயிற்று, ஜூலையில் கிடைக்கும் 4 நாள் லீவில் நேரே மாநிலத்தின் வடபகுதியான அப்பர் பெனின்சுலா போய் டாக்வாமெனன் அருவி பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் அது மூன்றாவது பயணமாக இருக்கட்டும்.

நாங்கள் மிச்சிகன் வந்து 19 வருடம், ட்ரெய்லர் வாங்கி 6 வருடம். விற்றவர் 20 நிமிடத்தில் எல்லாவற்றையும் காட்டிவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார். நாங்களும் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்தோம். அடுத்த வாரமே லேக் மிச்சிகன் கரையில் இருக்கும் லடிங்டனுக்குக் கிளம்பியாயிற்று. போய்ச் சேரும்போது இருட்டு. நான் ரிவர்ஸ் எடுக்க, என் வீட்டுக்காரர் பின்னால் நின்று கை காட்ட, அவருடைய இடது எனக்கு வலது. முக்கால் மணி நேரம் பக்கத்து இடத்துக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். கடைசியில் ஒரு பெரியவர் எழுந்து வந்து சொன்னார்: ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடி, ட்ரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து. அவ்வளவுதான் வித்தை. இன்றைக்கும் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

அதனால் முதலில் பிரவுட் லேக் கேம்ப்கிரவுண்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரம்கூட ஆகாது, கரன்ட் வசதி உண்டு. இரண்டு இரவு தங்குங்கள். எதையாவது மறந்தால் வீட்டுக்குப் போய் எடுத்து வரலாம், எதுவும் சரிவரவில்லை என்றால் வீட்டிலேயே போய்ப் படுக்கலாம். அங்கே இயற்கை அழகைவிட வண்டியைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் ட்ரெய்லர் 30 ஆம்ப் என்றால், 120 வோல்ட்டில் மொத்தம் 3600 வாட்தான். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது மைக்ரோவேவையும் போட்டு, சட்னிக்கு மிக்ஸியையும் ஓட்டினால் பட்டென்று பிரேக்கர் விழும். சட்னி அரைத்து முடிக்கும்வரை ஏசியை நிறுத்துங்கள், ஒன்றும் குடிமுழுகாது.

அப்புறம் எல்லாரும் பேசக் கூச்சப்படும் விஷயம், கழிவுத் தொட்டி. கறுப்புத் தொட்டி கழிப்பறைக்கு, சாம்பல் தொட்டி குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீருக்கு. கழிவைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷனில் கறுப்பை முதலில் திறக்க வேண்டும், பிறகு சாம்பல். அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். கரன்ட், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றும் இணைக்கும் முழு ஹூக்கப் உள்ள இடம் கிடைத்தாலும் கறுப்பு வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். தண்ணீர் வடிந்து ஓடிவிடும், மற்றது அடியில் கூம்பாகக் காய்ந்து நிற்கும். அந்தக் கூம்பைக் கரைக்க நாங்கள் பட்ட பாட்டைச் சாப்பாட்டு நேரத்தில் படிப்பவர்களும் இருப்பார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன். கையுறை ஒரு பெட்டி வாங்கி வையுங்கள்.

இரண்டாவதாக லடிங்டன் ஸ்டேட் பார்க். ஒரு பக்கம் லேக் மிச்சிகன், மறுபக்கம் ஹாம்லின் ஏரி, நடுவில் மணல்மேடுகள். கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட பிக் சேபிள் கலங்கரை விளக்கத்துக்கு 2 மைலுக்குக் கொஞ்சம் குறைவாக நடக்க வேண்டும். ஸ்டேட் பார்க்குகளில் 6 மாதம் முன்பே புக்கிங் திறந்துவிடும், கோடை வார இறுதிகளுக்கு இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். ஞாயிறு முதல் வியாழன் வரை லீவு போட முடிந்தால் உங்கள் பாடு சுலபம். கார் பதிவைப் புதுப்பிக்கும்போதே ஸ்டேட் பார்க்குகளுக்குள் வண்டி நுழையத் தேவையான ரெக்ரியேஷன் பாஸ்போர்ட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

விறகு மட்டும் வீட்டிலிருந்து கொண்டு போக வேண்டாம். ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொல்லும் மரகதப் பச்சை வண்டு வட அமெரிக்காவில் 2002இல் நம் டெட்ராய்ட் பக்கம்தான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. விறகோடு சவாரி செய்துதான் பல ஊருக்கும் பரவியது. எரிக்கிற இடத்திலேயே வாங்குங்கள்.

இப்போது உங்கள் அருவிக்கு வருகிறேன். ட்ரெய்லரோடு அதற்கு ஒரு முழு நாள் பயணம், மைலேஜ் ஏறக்குறைய பாதியாகிவிடும். வழியில் மேக்கினா பாலம் வரும். (எழுத்துக்கூட்டி 'மேக்கினாக்' என்று சொல்லி நான் ஆபீசில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் 'க்' கிடையாது.) ஏறத்தாழ 5 மைல் நீளம், உட்பக்கத் தடம் இரும்புக் கம்பி வலை, டயர் அதில் ஏறியதும் வண்டி முழுக்க ரீங்காரம் போடும். வெளித்தடத்திலேயே மெதுவாகப் போங்கள். காற்று பலமாக அடிக்கும் நாட்களில் ட்ரெய்லர்களுக்குக் கட்டுப்பாடு இருக்கும், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். பாலம் தாண்டியதும் செயின்ட் இக்னஸில் ஸ்ட்ரெயிட்ஸ் ஸ்டேட் பார்க்கில் ஒரு இரவு தங்கலாம். ராத்திரி பாலத்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் முதுகுவலி மறந்துபோகும்.

டாக்வாமெனனில் கீழ் அருவிப் பக்கமே கேம்ப்கிரவுண்ட் இருக்கிறது. ஜூன், ஜூலையில் கொசுவும் ஈயும் பிடுங்கி எடுக்கும், செப்டம்பர் கடைசி என்றால் கொசு குறைவு, இலைகளும் நிறம் மாறியிருக்கும். மேல் அருவி 200 அடி அகலம், கிட்டத்தட்ட 50 அடி விழுகிறது. தண்ணீர் பழுப்பாக இருப்பதைப் பார்த்து அழுக்கு என்று நினைக்காதீர்கள். சதுப்பு நிலத்து சீடார் மரங்களின் டானின் (டீயிலும் இருக்கிற துவர்ப்புப் பொருள்) ஊறி அந்த நிறம். விளிம்பில் வெயில் படும் இடத்தில் அசல் டீ டிகாக்ஷன், கீழே நுரை. என் மகன் முதல்முறை பார்த்ததும் கேட்டது, "இதில் யாரும்மா பால் ஊத்தப் போறா?"

திரும்பி வந்ததும் தூங்கிவிடாதீர்கள். குளிரில் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்காமல் இருக்க, அக்டோபர் முடிவதற்குள் தொட்டி, வாட்டர் ஹீட்டர், குழாய் எல்லாவற்றிலும் தண்ணீரை வடித்து, இந்த மாதிரி ட்ரெய்லருக்கென்று விற்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸை (உறையாத திரவம்) குழாய்களில் ஏற்றிவிட வேண்டும். ஷவரிலும் ஒவ்வொரு குழாயிலும் சிவப்பு வரும்வரை திறந்து பாருங்கள். நாங்கள் முதல் வருடம் வெளிப்பக்க ஷவரை மறந்துவிட்டோம். ஏப்ரலில் தண்ணீரைத் திறந்தால் சுவருக்குள்ளேயே மழை.