பழைய ஸ்டீரியோ ரிசீவரில் ஆன்டெனா, ரெக்கார்ட் பிளேயர், டிவி எல்லாம் எப்படி இணைப்பது?

அப்பாவின் ரிசீவர் கைக்கு வந்திருக்கிறது, பின்பக்கம் முழுக்க ஓட்டைகள், எதை எங்கே செருகுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று ஓடிக்கொண்டிருப்பதால், செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

எல்லா ஒயரும் மாட்டி முடியும்வரை கரன்ட் கொடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த செட் என்றால் பின்னால் 120 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் நம் ஊர் 230-இல் நேரடியாகச் செருகக் கூடாது.

ஸ்பீக்கர் ஒயரின் முனையை ஒரு சென்டிமீட்டர் உரித்து, செம்பு இழைகளை விரலால் இறுக்க முறுக்குங்கள். ஓர் இழை நழுவிப் பக்கத்து முனையைத் தொட்டாலும் ரிசீவருக்குள் இருக்கும் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பகுதி) போய்விடலாம். சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினால் எதுவும் எரியாது. ஆனால் பேஸ் (அடித்தொனி) காணாமல் போகும், பாடுபவரின் குரல் நடுவில் நிற்காது.

சிடி பிளேயருக்கு 'சிடி', 'ஆக்ஸ்' என்று எழுதிய துளைகளில் எதுவும் சரி. டிவிக்கும் அப்படித்தான், ஆனால் டிவியில் ஆப்டிகல் (ஒளிவழி டிஜிட்டல்) துளை மட்டும் இருந்தால் இடையில் ஒரு டிஏசி பெட்டி, அதாவது டிஜிட்டலைச் சாதாரண ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி, தேவை.

ரெக்கார்ட் பிளேயருக்கு 'ஃபோனோ' என்று எழுதிய துளை மட்டும்தான். ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். ஃபோனோவில் அதைப் பெருக்கி, தட்டில் வெட்டும்போது குறைத்த பேஸைத் திரும்பக் கூட்டும் சர்க்யூட் இருக்கிறது. சிடியை அதில் செருகினால் காது கிழியும். எங்கள் செட்டில் ஒரு வாரம் 'உம்ம்' என்று இரைச்சல். ரெக்கார்ட் பிளேயரோடு வந்த மெல்லிய எர்த் ஒயர் பின்னால் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதை ரிசீவரின் பின்னால் 'ஜிஎன்டி' (எர்த்) என்று எழுதிய திருகில் முடுக்கியதும் நின்றது.

அப்புறம் ஆன்டெனா. பலர் இதை மாட்டுவதே இல்லை, அதுதான் எனக்கு வருத்தம். எஃப்எம்முக்கு வரும் டி வடிவ ஒயரின் குறுக்குக்கை சுமார் ஒன்றரை மீட்டர், அதாவது 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் பாதி நீளம். அதனால் சுருட்டி வைத்தால் பயனில்லை. ஜன்னலோரச் சுவரில் விரித்து ஒட்டுங்கள். தொலைந்திருந்தால் 75 சென்டிமீட்டர் ஒயர் ஒன்றை '75 ஓம்' என்று எழுதிய ஆன்டெனா துளையின் நடு முனையில் செருகினாலே பல நிலையங்கள் வரும்.

ஏஎம்முக்கு அந்த பிளாஸ்டிக் வளையம். எல்இடி பல்பு, போன் சார்ஜர், ரிசீவர் எதற்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். நிலையத்தை வைத்துவிட்டு வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸில் எனக்கு முதலில் வெறும் 'கரகர'தான் வந்தது. கால் சுற்றுத் திருப்பியதும் வாசிப்பவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. வளையத்தின் விளிம்பு நிலையத்தைப் பார்க்க வேண்டும், முகம் அல்ல. எங்கள் வீட்டில் அது இப்போது புத்தக அலமாரியின் மேல், சற்றே கோணலாக நிற்கிறது. தூசி தட்டும்போதுகூட யாரும் அதை நகர்த்துவதில்லை.