மெஷினே படுக்க வைத்துக்கொண்டால் என் பெண்ணுக்கு என்ன வேலை?

அம்மா, குடியாத்தத்திலிருந்து நீங்கள் அனுப்பிய கேள்வியில் இரண்டு பயம் இருக்கிறது. எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் ரேடியாலஜி டெக்னீஷியன் படிப்பில் சேர்த்தால் கதிர்வீச்சு பெண்ணின் உடம்பைக் கெடுத்துவிடுமோ என்பது ஒன்று. இப்போது மெஷினே நோயாளியைச் சரியாகப் பொசிஷன் செய்துகொள்கிறதாமே, அப்புறம் ஆள் எதற்கு என்று உங்கள் தம்பி கிளப்பிவிட்டது இன்னொன்று. தம்பி சொன்னது பாதி சரி.

சிடி ஸ்கேனில் அந்த வளையத்தின் நட்டநடுவில் நோயாளியின் உடம்பு இருக்க வேண்டும். மேஜை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஏறி இறங்கினால் என்ன என்றுதான் தோன்றும். ஆனால் முதலில் எடுக்கும் முன்னோட்டப் படத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு கதிர் விடுவது என்று மெஷின் கணக்குப் போடுகிறது. விளக்குக்குப் பக்கத்தில் கையை வைத்தால் சுவரில் நிழல் பெரிதாக விழுமே, அந்த மாதிரி எக்ஸ்ரே குழாய்க்கு நெருங்கிவிட்டவர் பருமனாகத் தெரிவார், மெஷின் கதிரை ஏற்றிவிடும். தள்ளிப்போனவர் ஒல்லியாகத் தெரிவார், கதிர் குறைந்து படம் புள்ளி புள்ளியாக வரும், சில சமயம் திரும்பவும் எடுக்க வேண்டியிருக்கும். இந்தத் தவறைக் குறைக்கத்தான் புது மெஷின்கள் சிலவற்றில் மேஜைக்கு மேலே கூரையில் கேமரா. தலை எங்கே, தோள் எங்கே, வயிறு எவ்வளவு உயரம் என்று அளந்து, மேஜையை எவ்வளவு ஏற்றுவது, எங்கிருந்து எதுவரை எடுப்பது என்று அதுவே காட்டிவிடும். நெஞ்சு மட்டும் எடுக்க வந்தவருக்குத் தேவையில்லாமல் வயிறு முழுக்கக் கதிர் போகாது. லாபம் நோயாளிக்குத்தான்.

உங்கள் பெண்? ஸ்கேன் ஓடும்போது அவள் ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஏசியில் உட்கார்ந்திருப்பாள் (வேலூர் வெயிலில் அதுவே ஒரு சம்பளம், ஆனால் ஏசி மெஷினுக்காகப் போட்டது). கவனமாக இருக்க வேண்டிய இடம், இதய ரத்தக்குழாய்க்குள் ட்யூப் விட்டுப் பார்க்கும் கேத் லேபும், ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் என்கிற நகரும் எக்ஸ்ரே மெஷின் இருக்கும் இடமும். அங்கே ஆட்கள் உள்ளேயே நிற்கிறார்கள், நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறும் கதிர் வரும். அதற்குத்தான் ஈய ஏப்ரன், தைராய்டு காலர், அப்புறம் தூரம். இரண்டு மடங்கு தள்ளி நின்றால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் படும். பட்ட கதிரை அளக்கச் சட்டையில் குத்தும் டிஎல்டி பேட்ஜ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போய் வரும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு), எந்த ஒரு வருடமும் 30-ஐத் தாண்டக்கூடாது. கர்ப்பம் என்று தெரிவித்த பிறகு, வயிற்றுப் பிள்ளைக்கு 1 மில்லிசீவர்ட்தான் எல்லை, அதனால் வெட்கப்படாமல் சீக்கிரம் சொல்ல வேண்டும். எம்ஆர்ஐ, அல்ட்ராசவுண்டில் இந்தக் கதிர் பேச்சே கிடையாது.

சரி, வேலை போய்விடுமா? வாலாஜா பக்கம் ஹைவேயில் அடிபட்டு, கால் மடங்கி, போர்வை சுற்றி ராத்திரி இரண்டு மணிக்கு வருபவரைக் கேமரா காட்டும் இடத்தில் அப்படியே வைத்துவிட முடியாது. கூன் விழுந்த பாட்டிக்கு எங்கே தலையணை கொடுப்பது, எதிரில் உள்ள பெண் கர்ப்பமா என்று எப்படிக் கேட்பது, இதெல்லாம் ஆளின் வேலை. வேலூர் காந்தி ரோட்டில் பெங்காலி போர்டுகளைப் பார்த்திருப்பீர்கள், அவ்வளவு பேர் வடக்கிலிருந்து வைத்தியத்துக்கு வருகிற ஊர் இது. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பதைப் பெங்காலியிலும் இந்தியிலும் சொல்லத் தெரிந்த டெக்னீஷியனுக்கு இங்கே தனி மரியாதை. போகப்போவது மேஜையை ஏற்றி இறக்கும் கைவேலை. அது ஒன்றை மட்டும் கற்றவருக்குத்தான் ஆபத்து.

அதனால்தான் ஆறு மாத சான்றிதழ் கோர்ஸ் வேண்டாம் என்கிறேன். என்னிடம் வந்த ஒரு பையன் அப்படி ஒன்றில் பணம் கட்டிவிட்டு, கடைசிவரை சிடி மெஷினைப் படத்தில் மட்டுமே பார்த்தான். பயாலஜி குரூப் என்றால் பிஎஸ்சி, இன்டர்ன்ஷிப்போடு பெரும்பாலும் நாலு வருடம். அரசு இடங்களுக்கு மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு, வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரிக்குத் தனி விண்ணப்பம். 2021-ல் துணை மருத்துவப் படிப்புகளுக்குத் தனிச் சட்டமே வந்திருக்கிறது, அதனால் அங்கீகாரத்தைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். கணக்கு எடுத்திருந்தால் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் பக்கமும் போகலாம், அந்தக் கேமராவைப் பொருத்தி, பழுது பார்த்து, சரியாக அளக்கிறதா என்று சோதிக்கும் பக்கம் அது.

அவளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: வலியில் கத்துகிறவரின் கையைப் பிடித்துப் பேச வருமா, இல்லை மெஷினின் மூடியைக் கழற்றிப் பார்க்கத்தான் கை துறுதுறுக்கிறதா? பதிலை எனக்கு எழுதுங்கள். தம்பியைக் கேட்காமல்.