வாசகர் கேள்வி – பதில்: பேர்மிற் காணியும் கனடாப் பயணமும்

கேள்வி: எங்கள் நால்வருக்கும் கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை கிடைத்துவிட்டது. தை மாதம் புறப்படுகிறோம். வீட்டுக்காணியும் வயலும் பேர்மிற். வாங்க ஒருவர் இருக்கிறார். "அற்றோணித் தத்துவம் எழுதித் தாங்கோ, மிச்சத்தை நான் பார்க்கிறன்" என்கிறார். கொடுக்கலாமா?
– பரந்தன் வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். பேர்மிற் என்பது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு தந்த அனுமதி. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதைக் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. அற்றோணித் தத்துவம், அதாவது உங்கள் சார்பில் செயற்பட ஒருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரம், கொடுத்தால் அவர் உங்கள் முகவர் ஆவாரே தவிர உரிமைக்காரர் ஆகமாட்டார். நீங்கள் இறந்தால் அந்தத் தத்துவமும் அதோடு முடியும். பிறகு காசு கொடுத்தவர் உங்கள் பிள்ளைகளைத் தேடுவார். இடையில் யாராவது முறையிட்டு விசாரணை வந்தால் பேர்மிற்றே ரத்தாகலாம். வன்னியில் இப்படி இழுபடும் காணிகளுக்குக் குறைவில்லை.

முதலில் கையில் இருக்கும் தாளை எடுத்துப் பாருங்கள். அது அனுமதிப்பத்திரமா (பேர்மிற்), அரசு எழுதித் தந்த அளிப்பா, தனியார் காணி உறுதியா? உறுதி என்றால் நொத்தாரிசிடம் போய் வழக்கம்போல விற்கலாம். அளிப்பு என்றால் பிரதேச செயலாளரின் முன் அனுமதி வேண்டும். வெறும் பேர்மிற் என்றால் அந்தப் பணத்தைப் பயணக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பேர்மிற்றில் பின்னுரித்தாளர் (உங்களுக்குப் பிறகு காணியைப் பெறுபவர்) பெயர் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் போவதற்கு முன் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். அந்த நியமனம் உங்களுக்குப் பிறகுதான் பயன்தரும் என்பதை நினைவில் வையுங்கள். இப்போது காணியைப் பார்க்கும் தம்பிக்கோ மாமாவுக்கோ அது எந்த அதிகாரமும் தராது. அவர் பயிர் செய்யட்டும், வேலி அடைக்கட்டும், வருடக் கட்டணத்தைக் கட்டி ரசீதை வைத்திருக்கட்டும். பற்றை மூடிய காணியைத்தான் கைவிட்ட காணி என்று முதலில் எழுதுவார்கள்.

கேள்வி: வவுனியாவில் உறுதிக் காணி ஒன்றை விற்கிறோம். உறுதியில் விலையைக் குறைத்து எழுதி மிச்சத்தைக் கையில் தருவதாக வாங்குபவர் சொல்கிறார். பணத்தை உண்டியலில் அனுப்பினால் சுகம் என்கிறார்கள். சரியா?
– நெளுக்குளம் வாசகி

பதில்: இரண்டுமே உங்களுக்குத்தான் வினை. முத்திரைத் தீர்வை முதல் 1 இலட்சத்துக்கு 3 சதவீதம், மேலதிகத்துக்கு 4 சதவீதம். அதைக் கட்டுபவர் வாங்குபவர்தான். ஆகவே விலையைக் குறைத்து எழுதுவதில் மிச்சம் பிடிப்பவரும் அவரே. குடிபெயர்வோர் பணம் அனுப்ப வங்கியில் மூலதனக் கொடுக்கல் வாங்கல் ரூபாய்க் கணக்கு ஒன்று திறக்க வேண்டும். பணம் எங்கிருந்து வந்தது என்று வங்கி கேட்கும்போது நீங்கள் நீட்டப்போவது உறுதியைத்தான். உறுதியில் 30 இலட்சம் என்று இருந்தால் 30 இலட்சத்துக்குத்தான் கணக்கு. கையில் வாங்கிய மிச்சம் அனுப்ப முடியாமல் கட்டாகவே கிடக்கும். அதனால் முழு விலையையும் எழுதுவியுங்கள், காசோலையாகவே வாங்குங்கள். எவ்வளவு அனுப்பலாம் என்ற எல்லை வர்த்தமானியில் மாறிக்கொண்டே இருப்பது. காணியை விற்கும் முன்பே வங்கியில் கேளுங்கள், விற்ற பிறகு அல்ல.

உண்டியல், அதாவது வங்கி வழியன்றித் தனியாள் மூலம் பணம் அனுப்புவது, சட்டத்துக்குப் புறம்பு. அது ஒருபுறம் இருக்க, அங்கே வீடு வாங்கக் கடன் கேட்கும் நாளில் முன்பணம் வந்த வழிக்குத் தாள் கேட்பார்கள். உண்டியல்காரர் தாள் தரமாட்டார்.

கையில் கொண்டுபோவது 10,000 கனேடிய டொலர் அல்லது அதற்கு மேல் என்றால், வங்கி டிராப்டும் சேர்த்துத்தான், கனடா விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிப்பதற்குக் கட்டணம் இல்லை. மறைத்து அகப்பட்டால் பறிமுதல்.

கேள்வி: வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறோம். உறுதிக் காணிதான். கனடாவில் அதற்கு வரி உண்டா?
– முள்ளியவளை வாசகர்

பதில்: உண்டு. அங்கே வதிவாளராகிவிட்டால் உலகில் எங்கே உழைத்தாலும் கணக்குக் காட்ட வேண்டும். குத்தகைக் காசும் அதற்குள் வரும். பலர் தவறவிடும் காரியம் வேறொன்று. நீங்கள் வதிவாளராகும் நாளில் காணிக்கு இருந்த சந்தை விலையையே கனேடிய வரிச் சட்டம் நீங்கள் வாங்கிய விலையாக எடுக்கும். பத்து வருடம் கழித்து விற்றால் அந்த நாளுக்குப் பிறகு ஏறிய பெறுமதியைத்தான் இலாபமாகப் பார்ப்பார்கள். ஆகவே புறப்படும் மாதத்தில் மதிப்பீட்டாளர் ஒருவரிடம் திகதியிட்ட மதிப்பீட்டுக் கடிதம் எடுங்கள். பிறகு பழைய விலையைத் தேடி அலைவது வீண்வேலை.

கேள்வி: ஸ்காபரோவில் முதல் சில மாதங்களுக்கு எதெதற்குக் காசு தேவை? பிள்ளைகளுக்கு 4, 9 வயது.
– கிளிநொச்சி வாசகி

பதில்: பெரிய செலவு வாடகைதான். ஸ்காபரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் வீட்டுக்காரர் வைப்பாகக் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டும். அதை முதல் மாத வாடகையோடு சேர்த்துக் கொடுப்பீர்கள். சேத வைப்பு என்று தனியாகக் கேட்க முடியாது. புதிதாக வந்தவர் என்று ஆறு மாத வாடகையை முன்கூட்டிக் கேட்பவரும் உண்டு. அதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. சொந்தக்காரரின் நிலக்கீழ் அறையில் இருந்தாலும் வாடகை ரசீது வாங்குங்கள். சித்தப்பா முகம் சுளித்தாலும் பரவாயில்லை, முகவரிக்கு அது அத்தாட்சி.

போனவுடன் வேலைக்கும் அரச கொடுப்பனவுகளுக்கும் வேண்டிய ஒன்பது இலக்கச் சமூகக் காப்புறுதி எண்ணை (சின்) எடுங்கள். கட்டணம் இல்லை. அது கிடைத்தவுடன் பிள்ளைகள் கொடுப்பனவுக்கு ஆர்.சி. 66 படிவமும், வருவதற்கு முன் உழைத்த வருமானத்தைக் காட்டும் அதன் இணைப்பும் அனுப்புங்கள். தாயின் பெயரில் விண்ணப்பிப்பதே வழமை. 2025 ஆடி முதல் 2026 ஆனி வரையான உச்சத் தொகை 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு வருடம் 7,997 டொலர், 6 முதல் 17 வரை 6,748 டொலர். குடும்ப வருமானம் கூடக் கூட இது குறையும். பணம் உடனே வராது. முதல் மாதங்களின் சாப்பாட்டுச் செலவுக்கு இதை நம்பாதீர்கள். வேலை கிடைக்காவிட்டாலும் ஒவ்வொரு சித்திரை 30க்குள் இருவரும் வரிப் படிவம் கொடுக்க வேண்டும். ஒருவர் கொடுக்காவிட்டாலும் கொடுப்பனவு நின்றுவிடும்.

ஒன்ராறியோவில் மருத்துவக் காப்புக்கு இருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020 பங்குனியில் நீக்கப்பட்டது. ஆனாலும் பெரியவர்களின் பல், கண்ணாடி, மருந்துச் செலவுகள் பெரும்பாலும் உங்கள் கையில்தான். பல்லில் ஓட்டை இருந்தால் இங்கேயே அடைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: தாலிக்கொடியும் நகைகளும் கொண்டு போகலாமா? கணவருக்கு ஊழியர் சேமலாப நிதியும் இருக்கிறது.
– புதுக்குடியிருப்பு வாசகி

பதில்: கொண்டு போகலாம். ஒவ்வொரு நகையையும் தனித்தனியாகப் படமெடுத்து, பக்கத்தில் நிறையை எழுதுங்கள்: "தாலிக்கொடி, 9 பவுண், 72 கிராம்" என்பதுபோல. நகைக்கடையின் மதிப்பீட்டுத் தாளையும் சேர்த்து, கனடாவில் இறங்கும் முதல் நாளே அங்குள்ள சுங்கத்தில் காட்டுங்கள். பிறகு வரப்போகும் பொருட்களின் பட்டியலையும் அன்றைக்கே கொடுக்க வேண்டும். அதில் இல்லாத பொருள் பின்னால் வந்தால் தீர்வை கேட்பார்கள்.

நாட்டை விட்டு நிரந்தரமாகப் போவதும் சேமலாப நிதியை மீளப்பெறும் காரணங்களில் ஒன்று. தொழில் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு விண்ணப்பம் தனி. சிக்குவது பெயரில்தான்: நிதிப் பதிவில் முதலெழுத்தோடு ஒரு பெயர், கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் விரிந்து இன்னொரு பெயர். இரண்டும் ஒருவரே என்ற சத்தியக் கடதாசியை இங்கேயே முடியுங்கள். அங்கிருந்து ஒரு எழுத்தைத் திருத்த மாதக்கணக்கில் ஆகும்.